கைப்பிடி உயர்ந்த கதை

1733-இல் இங்கிலாந்தின் டெவன்ஷர் கோமகன் தம் பிள்ளைகளுக்கென்று ஒரு வண்டி செய்யச் சொன்னார். செய்து கொடுத்தவர் வில்லியம் கெண்ட். கட்டடங்களாலும் தோட்டங்களாலும் பேர் வாங்கியவர். சிப்பி வடிவ இருக்கை, கீழே சக்கரங்கள், முன்னால் ஆட்டையோ குட்டைக் குதிரையையோ பூட்டிக்கொள்ளலாம். பின்னால் நின்று தள்ள ஆள் இல்லாத வண்டிக்குக் கைப்பிடி எதற்கு? அதனால் அது வைக்கப்படவில்லை.

பிறகு ஆட்டின் இடத்துக்கு மனிதர்கள் வந்தார்கள். முதலில் முன்னால் நின்று இழுத்தார்கள். இழுப்பவர் முதுகுக்குப் பின்னால் குழந்தை எட்டிப் பார்த்துக் கீழே விழுந்தாலும் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இழுப்பது போய்த் தள்ளுவது வந்தது. கைப்பிடியும் அப்போதுதான் நிலைத்தது. 1877-இல் வில்லியம் வில்சன் தொடங்கிய சில்வர் கிராஸ் போன்ற நிறுவனங்களின் 'பிராம்' எனும் பெரிய குழந்தை வண்டிகளைப் பூங்காவுக்குத் தள்ளிப் போனவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆயாக்கள். வண்டியை வாங்கியவர் ஒருவர், தள்ளியவர் இன்னொருவர். தள்ளுகிறவரின் உயரத்தை யாரும் கேட்காததில் வியப்பில்லை. 1889-இல் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன், குழந்தை தள்ளுபவரைப் பார்த்தும் உட்காரலாம், வெளியே பார்த்தும் உட்காரலாம் என்ற அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். குழந்தையின் வசதி நன்றாகவே முன்னேறிக்கொண்டிருந்தது.

உயரமானவர்களுக்கு உண்மையான தொல்லை தொடங்கியது 1960-களில், அதுவும் ஓர் அருமையான கண்டுபிடிப்பால். ஓவன் மெக்லாரன், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்த பொறியாளர். ஓய்வுபெற்றுத் தாத்தாவான பிறகு, பேத்தியின் கனமான வண்டியோடு மகள் படும் பாட்டைப் பார்த்தார். விமானச் சக்கரங்கள் மடங்கி உள்ளே போவது எப்படி என்று தெரிந்தவருக்கு இது பெரிய வேலையா? அலுமினியக் குழாய்களைக் குறுக்கே கோத்து, குடைபோல மடங்கும் வண்டி ஒன்றைச் செய்து 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடித்த வண்டி என்று பஸ் ஏறலாம்.

அந்த வண்டியின் அழகே உயரமானவருக்கு வினை. நீளவாக்கில் ஓடும் குழாய்தான் சட்டம். அதன் முனையை வளைத்தால் அதுவே கைப்பிடி. கைப்பிடியை உயர்த்த வேண்டுமென்றால் குழாயையே நீட்ட வேண்டும், மடித்த வண்டியும் அந்த அளவுக்கு நீளும். பஸ்ஸில் கால்மாட்டில் வைக்கவென்று செய்த பொருளை யார் நீட்டுவார்கள்? ஆறடிக்கு மேற்பட்ட அப்பா இதைத் தள்ளுவதைக் கவனித்தால், தோள் முன்னால் சரிந்திருக்கும், மணிக்கட்டு கீழ்நோக்கி ஒடிந்திருக்கும். அதைவிடக் கொடுமை கீழே நடக்கும். இயல்பாகக் கால் வீசினால் ஷூவின் முனை பின் அச்சிலோ பிரேக் கம்பியிலோ 'டொக்' என்று இடிக்கும். இரண்டு முறை இடித்ததும் மனிதர் எட்டைக் குறைத்துக்கொண்டு தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிவிடுவார்.

தீர்வு வேறு வழியாக வந்தது. 1984-இல் அமெரிக்காவின் யாகிமா நகரப் பத்திரிகைக்காரர் ஃபில் பேக்லர், குழந்தையோடு ஓடப் போவதற்காக வண்டிக்கு சைக்கிள் சக்கரங்களை மாட்டினார். ஓடுகிறவருக்குக் கால் வீச இடம் வேண்டும். அதனால் இந்த ஜாகிங் வண்டிகளில் கைப்பிடி பின்னால் தள்ளி நின்றது. நெட்டையர்களை மனதில் வைத்துச் செய்ததல்ல, ஆனால் அவர்களுக்கும் வாய்த்தது.

கைப்பிடியைப் பெற்றோரின் உடம்புக்கு ஏற்ப நகர்த்தலாம் என்பதைப் பரவலாக்கிய வண்டிகளில் ஒன்று நெதர்லாந்திலிருந்து வந்தது பொருத்தம்தான். அங்கே இளைஞர்களின் சராசரி உயரமே ஏறத்தாழ 183 செ.மீ. மாக்ஸ் பாரன்பிரூக், ஐந்தோவன் வடிவமைப்புக் கல்லூரியில் 1994-இல் படிப்பு முடிக்கச் செய்த திட்டம் ஒரு குழந்தை வண்டி. அதிலிருந்து 1999-இல் பிறந்தது புகாபூ நிறுவனம். அந்நிறுவனத்தின் கமீலியன் போன்ற வண்டிகளில் கைப்பிடி குழாய்க்குள் குழாயாக நீளும். நார்வேயின் ஸ்டோக்கே நிறுவனம் 2003-இல் எக்ஸ்ப்ளோரியில் இருக்கையையே ஒரு நடுத்தண்டில் ஏற்றி இறக்க வைத்தது. நெட்டையான அம்மா வார் மாட்டக் குனிய வேண்டிய தூரம் குறைந்தது.

'உயரம் மாற்றலாம்' என்று விற்பனையாளர் சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. குழாய்க்குள் குழாயாக நீளும் கைப்பிடி, சாய்வாக நீள்வதால் உயரமும் கூடும், பின் அச்சிலிருந்து தூரமும் கூடும். பக்கத்துப் பொத்தான்களை அழுத்திச் சுழற்றும் கைப்பிடியோ, கிடைமட்டத்தைத் தாண்டி மேலே போகப் போகக் குழந்தை பக்கம் திரும்பி வரும். உயரம் கிடைத்த கையோடு கால் வீசும் இடம் பறிபோகும். என்னைக் கேட்டால், நெட்டையர்களுக்கு முதல் வகைதான்.

பழைய குடை வண்டிக்காரர்களுக்கென்று, கைப்பிடியின் மேல் மாட்டிக்கொள்ளும் நீட்டிப்புகளும் விற்கின்றன. முதுகு நிமிரும், உண்மை. நெம்புகோல் நீள்வதால் நடைபாதை விளிம்பில் முன்சக்கரத்தைத் தூக்குவதும் எளிது. ஆனால் அதே நெம்புகோல் காய்கறிப் பைக்கும் பொருந்தும். நீட்டிய கைப்பிடியில் பையைத் தொங்கவிட்டுக் குழந்தையை வெளியே எடுத்தால் வண்டி மல்லாந்துவிடும். குழந்தை உள்ளே இருக்கும்போதே கவிழவும் கூடும். கைப்பிடியில் எடை தொங்கவிடாதீர்கள் என்று வண்டியோடு வரும் கையேடு எச்சரிப்பது சும்மா இல்லை. மாட்டிய திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

புது வண்டி வாங்குவதாக இருந்தால், நாள்தோறும் போடும் ஷூவோடு கடைக்குப் போவது நல்லது. கைப்பிடியைக் கடைசி நிலைக்கு உயர்த்தி, பஸ்ஸைப் பிடிக்கப் போகும் வேகத்தில் கடைக்குள் ஒரு நடை நடக்க வேண்டும். பிறகு வண்டியை வீட்டிலுள்ள குட்டையானவரிடம் கொடுத்து, கைப்பிடியை அவர் தன் உயரத்துக்கு ஒரே கையால் இறக்க முடிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.