பரங்கிமலைச் சிலுவையும் உலகத் துறவும்: பர்னலின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

பரங்கிமலை உச்சியில், மாதா கோவிலின் பலிபீடத்துக்குப் பின்னே பதித்திருக்கும் கற்சிலுவையைப் பற்றி ஏ.சி. பர்னல் 1873இல் மங்களூரில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். மறு ஆண்டு அது ‘இந்தியன் ஆன்டிக்குவரி’ இதழிலும் வந்தது. சிலுவையைச் சுற்றி வளைவாக ஓடும் எழுத்து பாரசீகத்துப் பஹ்லவி என்று நிலைநாட்டியதில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். போர்த்துக்கீசியர் உள்ளூர் அந்தணர் ஒருவரைக் கொண்டு எழுதி வாங்கிய கற்பனை வாசிப்பு அத்தோடு ஒழிந்தது. ஆனால் எழுத்தை அடையாளம் கண்ட கையோடு அவர் இன்னொன்றையும் சொன்னார்: தென்னிந்தியாவுக்கு முதலில் வந்த பாரசீகக் கிறிஸ்தவர்கள் மானி சமயத்தாராகவோ ஞானவாதிகளாகவோ இருந்திருக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம்.

இந்த ஊகத்தை ஏற்றால் விளைவு சிறியதல்ல. மானியின் போதனையில் உலகம் ஒளியும் இருளும் கலந்த கலவை. உடல் ஒளியை அடைத்து வைத்த சிறை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குத் திருமணமில்லை, சொத்தில்லை, ஏர் பிடிக்கவும் அனுமதியில்லை. அப்படியானால் அடையாற்றின் தென்கரையில் உலக இச்சைக்குக் கிறிஸ்தவத்தின் பெயரால் சொல்லப்பட்ட முதல் பதில், உலகத்தையே விட்டு ஓடு என்பதாகிவிடும். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை என்பது என் துணிபு.

பர்னலின் வாதத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று ‘மணிக்கிராமம்’. கேரளச் செப்பேடுகளில் வரும் இந்தப் பெயரை அவர் மானியோடு சேர்த்து, மானி சமயத்தாரின் குடியிருப்பு என்று கொண்டார். இது ஒலி ஒற்றுமையின் மேல் கட்டிய வீடு. அச்செப்பேடுகளில் ஒன்றான வீரராகவன் பட்டயத்தை ‘எபிகிராஃபியா இண்டிகா’வில் பதிப்பித்த வெங்கய்யா, மணிக்கிராமம் ஒரு வணிகக் குழு என்று காட்டினார். தமிழ்ச் சான்றுகளும் அவர் பக்கமே நிற்கின்றன. கொடும்பாளூர் மணிக்கிராமத்தைக் கல்வெட்டுகளால் அறிவோம். கடல் கடந்த தக்குவா பாவில் அவனிநாரணம் என்ற குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தார் கையில் இருந்ததை ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. உலகை வெறுத்தவர்கள் கடல் வாணிகமும் குளப் பராமரிப்பும் செய்யும் குழுவுக்குப் பெயர் கொடுத்தார்கள் என்பது நம்பக் கடினம். இந்தக் கால் முறிந்து நூறாண்டுக்கு மேலாகிறது. இருந்தும் முடிவு மட்டும் இன்னும் உலவுகிறது என்பதால்தான் இதை மறுபடி எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கால் சிலுவை எழுத்தே. சிலுவைத் தண்டனையில் பாடுபட்டவர் இவர், இவரே மெய்யான கிறிஸ்து, மேலான தேவன், தூய வழிகாட்டி என்ற பொருள்பட பர்னல் வாசித்தார். அவரை அடுத்து வாசித்த ஹௌக், வெஸ்ட் இருவரும் சொற்களில் வேறுபட்டாலும் அதைப் பாடுகளைப் பற்றிய ஒரு கோட்பாட்டு வாசகமாகவே கண்டார்கள். சரி, பர்னலின் வாசிப்பையே ஒரு வாதத்துக்காக ஏற்றுக்கொள்வோம். கிறிஸ்து உடலெடுத்துத் துன்பப்பட்டார் என்பதை மானி சமயத்தார் ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுக்குச் சிலுவைப் பாடு வெறும் தோற்றம். பாடுகளை மெய்யென்று அறிவிக்கும் கல் அவர்களுடையதாக எப்படி இருக்கும்? மானி சமயத்தார் முன்னோர், சிலுவை நட்டவர்கள் அவர்களை அடுத்து வந்தவர்கள் என்று பர்னல் பக்கமிருந்து ஒரு பதில் சொல்லலாம். சொன்னால், அந்த முன்னோருக்குச் சிலுவை சான்றாகாது. அவர்களுக்கென்று வேறு சான்றும் நம் கையில் இல்லை.

வாசகத்தின் போக்கையே மாற்றியவர் வின்க்வொர்த். 1929இல் அவர் வெளியிட்ட வாசிப்பில் கோட்பாடு மறைந்து, ஒரு மனிதர் தெரிய வந்தார்: இதை வெட்டிய, சஹார்புக்த் மகன் அஃப்ராஸ் என்ற சிரியனுக்கு ஆண்டவர் கிறிஸ்து இரங்க வேண்டும் என்ற மன்றாட்டு. 2002இல் செரெத்தி, ஒலிவியேரி, வழுதனப்பள்ளி மூவரும் கேரளத்துச் சிலுவைகளோடு ஒப்பிட்டு மறுபடி ஆராய்ந்தனர். பெயர் சப்ரீஷோ என்றும், தந்தை சஹார்போக்த் என்றும், ‘சிரியன்’ என்று வின்க்வொர்த் கண்ட இடத்தில் இருப்பது சுரை என்ற பாட்டன் பெயர் என்றும் வாசித்தனர். இரக்கம் கேட்கும் வினை இரு வாசிப்பிலும் மாறவில்லை. என் வாதம் அதன் மேல்தான் நிற்கிறது.

இங்கே சான்று மெலிகிறது என்பதை அறிந்தே சொல்கிறேன். தந்தை பெயரையும், 2002ஆம் ஆண்டு வாசிப்பு சரியென்றால் பாட்டன் பெயரையும், சேர்த்துச் சொல்லி இரக்கம் கேட்பவர், குடும்பத்தைத் துறந்தவராக அல்ல, குடும்பத்தோடு தேவன்முன் நிற்பவராகவே தோன்றுகிறார். தன் தவத்தையோ உபவாசத்தையோ அவர் சொல்லவில்லை. கல்லில் வெட்டும்படி விட்டது ஒரு பெயரையும் ஒரு விண்ணப்பத்தையும்தான். துறவிகளும் தந்தை பெயர் சொல்வதுண்டு. மானி சமயத்தில் இல்லறத்தாரான ‘கேட்போர்’ உண்டு. இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் பாரசீகத் திருச்சபையின் பின்னணியை அருகில் வைத்துப் பார்த்தால் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. 486இல் அக்காக்கியு தலைமையில் கூடிய சங்கம் குருக்களின் திருமணத்தை அனுமதித்தது. 571 வாக்கில் காஷ்கரின் ஆபிரகாம் இஸ்லா மலையில் கடும் துறவு ஒழுங்கை வகுத்தார். இல்லறமும் மடமும் ஒரே சபைக்குள் அக்கம்பக்கத்தில் இருந்தன. ஒன்று மற்றொன்றைத் தீட்டாக எண்ணவில்லை. ஆறாம் நூற்றாண்டில் தூர் நகரத்து கிரகோரி, அப்போஸ்தலர் தோமா முதலில் அடக்கம் செய்யப்பட்ட இந்திய இடத்தில் ஒரு மடமும் பெரிய கோவிலும் உண்டென்று, தியடோர் என்ற பயணி சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார். அது மயிலாப்பூர்தான் என்று கொண்டால், மடத்தின் நிழலில் குடும்பஸ்தர் ஒருவர் கல் நட்ட காட்சியில் முரண்பாடு எதுவும் இல்லை.

கல்வெட்டின் காலத்தைத் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. எழுத்தமைதியைக் கொண்டு ஏழு முதல் ஒன்பது வரையிலான நூற்றாண்டுகளைக் குறிப்பிடுகிறார்கள். சப்ரீஷோ என்ற பெயருடைய பாரசீகத் திருச்சபைத் தலைமைப் பிதா 596 முதல் 604 வரை ஆண்டார். அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டிருப்பார்கள், ஆகவே கல் அதற்குப் பிந்தியது என்று வாதிடலாம். ஒரு பெயரை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை.

1547இல் மலைமேல் அடித்தளம் தோண்டும்போது சிலுவை கிடைத்தது வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிந்திய ஒரு செய்தி என் வாதத்தைத் தாங்குகிறது. அந்த மலைக்குப் படிக்கட்டு கட்டியவர் மடாதிபதியல்லர், ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் 1726இல் அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டியவரும் அவரே. இன்று அங்கே மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர்களுக்குப் பணிய மறுத்த உஸ்கான் அங்கிருந்த சொத்தை இழந்தார். செல்வத்தை அவர் விட்டு ஓடவுமில்லை, அதற்கு அடிமைப்படவுமில்லை. சப்ரீஷோவிலிருந்து உஸ்கான் வரை ஒரு தொடர்ச்சி இருந்தது என்று நான் சொல்லவில்லை. இடையில் பல நூற்றாண்டுகள் இருட்டாகக் கிடக்கின்றன. ஒரே குன்றின்மேல் ஒரே மனப்பாங்கு இருமுறை தென்படுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

குன்றுக்கு வெளியே, மூன்றாம் முறை அதே மனப்பாங்கு வெளிப்பட்டது தாம்பரத்தில். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் அங்கே இடம் மாறியது. மறு ஆண்டு டிசம்பரில் அந்த வளாகத்தில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. அந்த மாநாட்டுக்காக ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூலுக்கு எதிர்வினையாக வந்த ‘ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா’ தொகுப்பை எழுதியவர்களை ஒரே சாயலில் பேசுவது வழக்கம், அது தவறு. அவர்களில் சவரிராயன் ஏசுதாசன் 1921இல் பேட்டனோடு சேர்ந்து திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியவர்: கதர், மணமில்லா வாழ்வு, எளிய உணவு. பி. செஞ்சையாவும் வி. சக்கரையும் சட்டம் படித்த இல்லறத்தார். சக்கரை சென்னை மேயராகவும் பின்னர் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தார். உலகத்தை எப்படி எதிர்கொள்வது என்ற கேள்வியில் இவர்கள் வாழ்ந்து காட்டிய பதில்கள் வேறு வேறு. ஆசிரமத்தைப் பற்றியே 1941இல் செஞ்சையா, சக்கரை, சுதரிசனம் மூவரும் தனி நூல் வெளியிட்டதிலிருந்து விவாதத்தின் சூடு விளங்கும். துறவிக்குப் பக்கத்தில் குடும்பஸ்தரும் தேவன்முன் சம உரிமையோடு பேசிய சபை அது. பர்னலின் மானி சமயத்தாருக்கு அங்கே இடமில்லை.

சிலுவையில் ஒரு சொல் மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. வாசகத்தின் கடைசி வினை ‘வெட்டினார்’ என்பதா, ‘கொண்டுவந்தார்’ என்பதா? வின்க்வொர்த் முதலாவதைக் கொண்டார். 2002ஆம் ஆண்டு வாசிப்பு இரண்டாவதன் பக்கம் சாய்ந்து, கேள்விக்குறியும் இட்டிருக்கிறது. விடை எழுத்தைவிடக் கல்லில் கிடைக்கலாம். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் ஒரு தனி வகைப் பாறை. கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்தே கல் போனதால் புவியியலாளர்கள் அதைச் சார்னக்கைட் என்கிறார்கள். சிலுவையின் கல் அதே பாறைதானா என்பதை ஒரு சிறு துணுக்கைக் கொண்டு ஆராய்ந்தாலே சொல்லிவிட முடியும். உள்ளூர்க் கல் என்று தெரிந்தால் வின்க்வொர்த்தின் வாசிப்பு வலுப்படும். வேற்றூர்க் கல்லானால், அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் யாருடைய சரக்கோடு வந்தார் என்ற புதிய கேள்வி எழும்.