பழைய கோடாலியும் புதிய காம்பும்

கோடாலியில் நிலைத்து நிற்பது தலை. மாறிக்கொண்டே இருப்பது காம்பு. காம்பு முறிந்தால் வேறொன்று போட்டுக்கொள்ளலாம் என்பதால், நூறு ஆண்டுக்கு முன் அடித்த தலைகூட இன்றும் மரம் வெட்ட உதவும். பழைய தலைகளைத் தேடி வாங்கி, துரு நீக்கி, வாய் தீட்டி, காம்பு மாட்டுவது அமெரிக்காவில் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அதற்கு வேண்டிய தலைகள் அங்கே ஏராளமாகக் கிடப்பதற்கு அந்நாட்டுக் கோடாலித் தொழிலின் வரலாறே காரணம்.

ஐரோப்பியர் வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கோடாலிகளில் எடை முழுவதும் வாய்ப்பக்கமே இருந்தது. பின்புறம் மெலிந்த வளையம்தான். 18ஆம் நூற்றாண்டில் குடியேறிகளின் கொல்லர்கள் பின்தலையைக் கனமாக்கினார்கள். இருபக்க எடையும் சமப்பட்டதால் வீச்சு தடுமாறாமல் நேராக விழுந்தது. காடு திருத்தும் வேலையும் வேகம் பிடித்தது. அக்காலத்தில் எஃகு விலை அதிகம். ஆகவே இரும்புப் பட்டையை மடித்துக் காம்புத் துளையை உண்டாக்கி, வாயில் மட்டும் ஓர் எஃகுத் துண்டைச் செருகி உலையில் காய்ச்சி ஒட்டினார்கள். வாங்கியவர்தான் அதைச் சாணை பிடித்து வாய் எடுக்க வேண்டும்; காம்பையும் அவரே செதுக்கிக்கொள்வார்.

இந்த வழக்கத்தை மாற்றியது கனெடிகட் மாநிலத்தின் காலின்ஸ் நிறுவனம். சகோதரர்களான சாமுவேல் காலின்ஸ், டேவிட் காலின்ஸ் இருவரும் உறவினர் வில்லியம் வெல்ஸுடன் சேர்ந்து 1826இல் ஃபார்மிங்டன் ஆற்றங்கரையில் அதைத் தொடங்கினர். ஆற்று நீரின் விசை சம்மட்டிகளையும் சாணைக்கற்களையும் ஓட்டியது. வாய் தீட்டி, எடுத்ததும் வெட்டத் தயாரான கோடாலி கடைக்கு வந்தது. 1832இல் வேலைக்குச் சேர்ந்த எலிஷா ரூட், துளையை மடித்து ஒட்டாமல் முழு இரும்பிலேயே எந்திரத்தால் குத்தி எடுக்கும் முறையை உருவாக்கினார். 1849இல் அவர் கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் போனார். ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்குக் காலின்ஸ்வில் என்றே பெயர் நிலைத்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகைகள் பெருகின. ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென ஒரு வடிவம் கேட்டது: மிச்சிகன், ஜெர்சி, டேட்டன் என்று அவற்றுக்குப் பெயர்கள். மேற்குக் கரையின் பெருமரங்களை வீழ்த்த நீண்டு குறுகிய அலகு தேவைப்பட்டது. மரவெட்டிகள் இருவாய்க் கோடாலியையும் விரும்பினார்கள். ஒரு வாயை மெல்லியதாகத் தீட்டி மரம் வீழ்த்தவும், மற்றதைத் தடிப்பாக விட்டுக் கணுவையும் வேரையும் வெட்டவும் வைத்துக்கொண்டார்கள். 1889இல் பல ஆலைகள் ஒன்றுசேர்ந்து அமெரிக்கன் ஆக்ஸ் அண்ட் டூல் நிறுவனமாயின. அதைப் பின்னர் கெல்லி நிறுவனம் வாங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒருவரே தூக்கி இயக்கக்கூடிய மோட்டார் ரம்பம் காட்டுக்குள் வந்தது. கோடாலிக்கு இருந்த சந்தை சரிந்தது; காலின்ஸ் ஆலை 1966இல் மூடப்பட்டது. தலைகளோ அழியவில்லை, தானியக் கொட்டகைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் காம்பிழந்து துருப்பிடித்துக் கிடந்தன. கோடாலி வேலையும் அறவே நின்றுவிடவில்லை. 1964ஆம் ஆண்டின் வனப்பகுதிச் சட்டம், பாதுகாக்கப்பட்ட காடுகளில் மோட்டார் கருவிகளைப் பொதுவாகத் தடை செய்தது. அங்கே பாதை திருத்தும் பணியாளர்கள் கோடாலியையும் கைரம்பத்தையுமே நம்ப வேண்டியிருந்தது. அமெரிக்க வனத்துறை 1999இல் கோடாலியைத் தேர்ந்தெடுக்கவும் தீட்டவும் காம்பு மாட்டவும் ஒரு கையேடே வெளியிட்டது. பொழுதுபோக்காகச் செய்பவர்களும் அதைப் பாடநூலாகக் கொண்டார்கள்.

வேலை துருவில் தொடங்குகிறது. தலையை வினிகரில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் துரு கழன்றுவிடும். ஆலை முத்திரையும் தெரியவரும். அடுத்தது வாய். மின்சாணையில் பிடித்தால் சூடேறி, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் எஃகு நீலம் பாரிக்கும். பதம் இறங்கிவிட்டதற்கு அதுவே அடையாளம். அப்படி மென்மையான வாய் கூர்மை தாங்காது. எனவே அரத்தால் பொறுமையாக ராவி, பிறகு சாணைக்கல்லில் தீட்டுவதே வழக்கம்.

காம்புக்கு ஹிக்கரி மரமே முதல் தேர்வு. வலுவும் நெகிழ்வும் சேர்ந்திருப்பதால் அது அடியின் அதிர்ச்சியைத் தாங்கும். காம்பின் நுனியில் தெரியும் ரேகைகள் வாயின் திசைக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் சீக்கிரம் பிளக்கும். நுனியைச் சீவித் துளைக்குள் நுழைத்து, எங்கே உரசிக் கறை படுகிறதோ அங்கே மட்டும் மறுபடி சீவுவார்கள். பிறகு தலை கீழே இருக்கும்படி காம்பை அந்தரத்தில் பிடித்து அதன் அடிமுனையில் சுத்தியால் தட்டுவார்கள். கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்க, காம்பு அதற்குள் இறுகும். துளையின் வெளிவாய் நடுப்பகுதியைவிட அகலம். காம்பு நுனியின் பிளவில் ஆப்பு அடித்ததும் மரம் விரிந்து அந்த அகலத்தை நிரப்பும். தலை கழன்று பறக்காது. காம்பு ஈரமாக இருந்தால் பின்னால் காய்ந்து சுருங்கித் தலை ஆடும். ஆடும் கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போடுவது அன்றைக்கு மட்டும் கைகொடுக்கும். காய்ந்ததும் முன்னைவிட அதிகம் ஆடும். கடைசியாகக் காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள்.

எல்லாத் தலைக்கும் இந்தச் சிகிச்சை பொருந்தாது. ஆலை ஒட்டிய காகிதச் சீட்டோ அலகில் பொறித்த படமோ எஞ்சியிருந்தால், சேகரிப்பாளர்கள் அதைத் தேய்க்காமல் வைத்துக்கொள்வார்கள். சம்மட்டியாகப் பயன்படுத்திப் பின்தலை பிதுங்கியவையும், துளையருகே விரிசல் கண்டவையும் மறுபடி வெட்டும் வேலைக்கு உதவா. பழுதில்லாத சாதாரணத் தலைகளுக்கே புதிய காம்பு போடுகிறார்கள். 1826க்கு முன் வாங்கியவர் கையில் இருந்து, பிறகு ஆலை எடுத்துக்கொண்ட தீட்டும் வேலை இந்தப் பொழுதுபோக்கில் மீண்டும் கோடாலிக்காரரிடமே வந்து சேர்ந்திருக்கிறது.