குடவோலையும் ஃபர்ஸ்ட் குரூப்பும்

1978-இல் தமிழகத்தில் பிளஸ் டூ வந்தது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஃபர்ஸ்ட் குரூப், மற்றவர்களுக்கு வரலாறு என்பது பெற்றோர் கணக்கு. வரலாற்று ஆசிரியனான நானும் அதற்கு விலக்கல்ல.

ஒரு வருடம் பத்தாம் வகுப்பை உத்திரமேரூருக்கு அழைத்துப்போய், முதலாம் பராந்தகன் காலத்துக் (கி.பி. 919, 921) குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லோரும் ஜனநாயகம் என்று புகழ்ந்திருந்தார்கள். ஒருவன் மட்டும், "கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டுமாம். கூலிக்காரரான எங்கப்பா பெயர் குடத்தில் விழுந்திருக்குமா, சார்?" என்று எழுதியிருந்தான்.

ரிசல்ட் வந்ததும், வரலாறு எடுக்கிறேன் என்று வந்து நின்றான். "நல்ல மார்க், வீணாக்காதேப்பா" என்று நானே ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்துவிட்டேன். நல்ல வேலைக்குப் போனான், குறையில்லை. ஆனால் அப்படி ஒரு கேள்வியை, நான் ஓய்வு பெறும்வரை வேறு எந்த மாணவனும் கேட்கவில்லை.