கவுந்தியடிகள் நடந்த வழி

தமிழ்நாட்டில் சமணத் துறவியர் கால்நடையாகச் சென்ற வழிகள் பல. அவற்றுள் ஒரு வழியைப் புறப்பட்ட ஊர் முதல் சென்று சேர்ந்த ஊர் வரை விரிவாகக் காட்டும் நூல் சிலப்பதிகாரம். புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலனும் கண்ணகியும் சென்றது இழந்த பொருளை மீண்டும் ஈட்டுவதற்காக. அவர்களுடன் சென்ற கவுந்தியடிகளின் நோக்கம் வேறு. மதுரையில் வாழும் மாசற்ற கேள்வியரிடம் அறவுரை கேட்கவும் அறிவனை ஏத்தவும் தமக்கு நெடுநாளாகவே விருப்பம் உண்டு என்று அவரே கூறுகிறார். ஆகவே அவரளவில் அப்பயணம் ஒரு தீர்த்த யாத்திரையே.

அவ்வழியை மீண்டும் நடந்து காண விரும்புவோர் முதலில் அறிய வேண்டுவது தொலைவு. பூம்புகாரிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாக மதுரை வரை இன்றைய சாலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஆகும். நகர எல்லையைக் கடந்து சிறிது தூரம் வந்ததுமே கண்ணகி தளர்ந்து, மதுரை எங்குள்ளது என வினவுகிறாள். கோவலன் கூறும் விடை ஆறு, ஐந்து என்னும் சிறிய எண்களாகவும், பெருக்கினால் முப்பது காதமாகவும் பொருள்படுகிறது. 30 காதம் என்றே கொண்டால், காதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வரும். நாள் ஒன்றுக்குக் காவதத்திற்கு மேல் அவர்கள் நடக்கவில்லை என்றும், இடையிடையே பல நாள் தங்கினர் என்றும் காப்பியம் சொல்கிறது. இன்றைய இளைஞர் ஒரே நாளில் 30 கிலோமீட்டர் நடந்துவிடக்கூடும். ஆயினும் முதியோரும் சிறுவரும் உடன்வரும் யாத்திரைக்கு நாளுக்கு 10 கிலோமீட்டரே தக்க அளவு. நடை 30 நாள், தங்கல் 6 நாள் எனத் திட்டமிட்டால் மனமும் உடலும் சோராமல் மதுரையை அடையலாம்.

அடுத்தது பருவம். சாதுர்மாச காலத்தில் துறவியர் ஓரிடத்தில் தங்குவதற்குக் காரணம், மழையால் பெருகும் சிற்றுயிர்கள் காலடியில் மடியலாகாது என்பதே. இதே கவலையைக் கவுந்தியடிகளின் வழியுரையிலும் காண்கிறோம். சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் மூடியிருக்கும். குழிக்கு அஞ்சிக் குனிந்து நடந்தால் தாழத் தொங்கும் பலாப்பழம் தலையில் மோதும். வயல் வழியே சென்றால், நண்டையும் நத்தையையும் அறியாமல் மிதித்துக் கொல்ல நேரும்; கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து நீரில் கலந்திருக்க, அந்நீரைத் தாகத்தால் பருகவும் கூடும். முதலாவது நடப்பவருக்கு நேரும் துன்பம்; இரண்டாவது நடப்பவரால் பிற உயிர்க்கு நேரும் துன்பம். இரண்டையும் ஒருங்கே எண்ணி வழியைத் தேர்ந்தவர் அவர்.

இக்கருத்தின்படி பார்த்தால், தை நடுப்பகுதியில் புறப்பட்டு மாசி முடிவதற்குள் மதுரை சேர்வது நன்று. காவிரிப் படுகையில் சம்பா அறுவடை நடைபெற்று வரப்புகள் உலர்ந்துவரும் காலம் அது. வெயிலும் கடுமையாக இராது. காப்பியத்தில் பாண்டிய நாட்டு வெம்மையைக் கண்ணகியின் பாதங்கள் தாங்கா எனக் கண்டு, இரவில் நிலவொளியில் நடக்கக் கவுந்தியடிகள் இசைகிறார். மிக மெலியவருக்கு ஏற்பத் திட்டம் மாற வேண்டும் என்பதே இதன் பாடம். வண்டிகள் விரையும் இக்காலச் சாலையில் இரவு நடை தகாது. கதிர் எழுந்தபின் புறப்பட்டு முற்பகலில் நிறுத்தி, மாலையில் சிறிது நடந்து, பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளலாம். வடிகட்டிய நீரை அன்றன்று ஏற்பாடு செய்தல் வேண்டும்.

உடைமை பற்றி நீண்ட பட்டியல் வேண்டுவதில்லை. பிச்சைப் பாத்திரம், தோள்மேல் துணி, கையில் மயிற்பீலி இவையே கவுந்தியடிகள் கொண்டவை. இல்லறத்தார்க்கு இன்னும் சில வேண்டும் எனினும், தோள் தாங்காத சுமை எதுவும் யாத்திரைக்கு உதவாது.

இனி வழியும் தங்குமிடமும். காப்பிய மாந்தர் காவிரியின் வடகரை வழியே வந்து, அரங்கத்தருகே சாரணரைத் தொழுது, ஓடத்தில் தென்கரை சேர்ந்து உறையூரை அடைந்தனர். இன்று நடப்போர் முன்னதாகவே தென்கரைக்கு மாறினால் கும்பகோணம் சந்திரப்பிரபர் ஆலயத்திலும், தஞ்சைக் கரந்தட்டாங்குடி ஆதீசுவரர் ஆலயத்திலும் வழிபட்டுச் செல்லலாம். அங்குள்ள நம் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது முறை. உறையூரில் அவர்கள் தங்கிய பள்ளியோ இன்று காப்பியத்தில் மட்டுமே எஞ்சியுள்ளது.

திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே கொடும்பாளூரில் வழி மூன்றாகப் பிரிந்தது. வலப்புறம் சிறுமலை வழி; இடப்புறம் இன்று அழகர்மலை எனப்படும் திருமால்குன்றத்து வழி; நடுவே ஊர்களும் காடும் கலந்த நேர்வழி. இடவழியில் உள்ள பொய்கைகளில் நீராடினால் அரிய பயன் கிட்டும் என்று மாங்காட்டு மறையோன் புகழ்ந்தான். வாய்மை தவறாது உயிர்களைப் பேணுவோர்க்கு அடைய இயலாத பொருள் இல்லை என மறுத்து, அடிகள் நேர்வழியையே கொண்டார். அவர் மறுத்தது பொய்கைகளின் பயனையே அன்றி மலையை அன்று. அந்த அழகர்மலையிலேயே, கிடாரிப்பட்டிக்கு அருகில், துறவியர்க்கு அமைத்த கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பொற்கொல்லன் முதலிய எளிய இல்லறத்தார் அவற்றில் இடம் பெற்றுள்ளனர். ஆதலின் இன்றைய யாத்திரிகர் இடவழியைத் தேர்வதில் பிழையில்லை.

கொடும்பாளூரிலிருந்து தென்கிழக்கே விலகிச் சித்தன்னவாசலைக் கண்டு மீள விரும்புவோர் நான்கைந்து நாள் மிகுதியாக ஒதுக்க வேண்டும். அங்கு ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவர்க்குச் சிறுபாவில் இளையர் இருக்கை அமைத்தனர் என அங்குள்ள பழங்கல்வெட்டு கூறுகிறது. எருமை நாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பர் அறிஞர். 9ஆம் நூற்றாண்டில் அங்குள்ள அறிவர் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமர். தொலைநாட்டுத் துறவியும் மதுரை ஆசிரியரும் வந்து சென்ற வழிகள் இவை என்பதற்கு இக்கல்வெட்டுகளே சான்று.

மேலூரைக் கடந்ததும் மாங்குளம், அரிட்டாபட்டிக் குன்றுகள் எதிர்ப்படும். கணிநந்தர்க்குப் பள்ளி அமைத்த செய்தியும் நெடுஞ்செழியன் பெயரும் மாங்குளக் கல்வெட்டில் உள்ளன. அரிட்டாபட்டிப் பகுதி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. எல்லாக் குன்றுகளுக்கும் இத்தகைய காப்பு வாய்க்கவில்லை. மதுரை வட்டாரத்தில் கல்லுக்காக உடைக்கப்பட்ட குன்றுகள் பல. படுக்கைகளின்மேல் பெயர் பொறித்துச் செல்வோரும் உளர். ஆட்கள் நடந்து செல்லும் வழியில் உள்ளவற்றிற்குக் கண்காணிப்பு தானாகவே அமையும். நடப்பார் அற்றுப்போன வழியில் உள்ளவை கேட்பாரின்றி அழியும். ஆண்டுதோறும் ஒரு சிறு குழுவேனும் இவ்வழியே செல்லுமாயின், ஊராருக்கும் இக்குன்றுகள் யாருக்காக அமைந்தவை என்பது நினைவிலிருக்கும்.

வையையைக் கடந்தபின் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். வழித்துணையாக வந்தவளைத் தக்கார் ஒருவர் கையில் சேர்த்த பின்னரே தம் கடமை முடிந்ததாகக் கொண்டார். பின்னர் நிகழ்ந்த துயரம் கேட்டு உண்ணாநோன்பால் உயிர் நீத்தார் என்பது காப்பியச் செய்தி. கீழக்குயில்குடிச் சமணர்மலையில் நடையை நிறைவு செய்வோர் அன்று அவரை நினைவுகூர்தல் தகும். விரைந்து சேர்ந்தவர் என்பதனால் அன்று; உடன் வந்தவரின் பாதத்தையும் வழியில் கிடந்த நத்தையின் உயிரையும் ஒன்றாகவே கருதி நடந்தவர் என்பதனால்.