கொர்டோபாவின் வாழ்நாள் ஆசனங்கள்

ஆர்ஜென்டீன நாட்டின் கொர்டோபாப் பல்கலைக்கழகத்து மெய்யியற் பாடத்திட்டத்திலே, 'ஏவலர்பால் ஆற்றவேண்டிய கடமைகள்' என்றோர் அலகு இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இரண்டாம் தசாப்தம் வரையும் இடம்பெற்றிருந்ததென, அங்கு எழுந்த மாணவர் இயக்கத்தின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிட்டுள்ளனர். 1853ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அந்நாட்டில் அடிமைமுறையை ஒழித்துவிட்டது. தலைநகரிலே தொழிற்சங்கங்கள் வளர்ந்துவிட்டன. 1904ஆம் ஆண்டிலேயே சோஷலிஸ்டு ஒருவர் பாராளுமன்றத்துட் புகுந்துவிட்டார். கொர்டோபாவின் வகுப்பறையில் மட்டும் ஆண்டானும் ஏவலனும் அழியாது வாழ்ந்துகொண்டிருந்தனர். இத்தகைய பாடத்தை ஒருவரும் ஏன் நீக்கவில்லை என்று கேட்டால், அன்றைய பேராசிரியர்களின் பழமைப் பற்றினைக் காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் நீக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்பவர்க்கே உண்மை புலப்படும்.

இப்பல்கலைக்கழகத்தின் வேர் 1610ஆம் ஆண்டு இயேசு சபையினர் நிறுவிய கல்லூரியில் இருக்கிறது. 1767இல் ஸ்பானிய மன்னன் அச்சபையினரை நாடு கடத்தியபோது அது பிரான்சிஸ்கன் துறவிகளின் கைக்கு மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தேசிய அரசின் உடைமையாயிற்று. உடைமை மாறிற்றேயன்றி ஆளும் குடும்பங்கள் மாறவில்லை. பெருநிலக்காரர், வழக்கறிஞர், நீதவான்கள், குருமார் என்போர் பெரும்பாலும் ஒரே உறவு வட்டத்தினர். 1884ஆம் ஆண்டு ரமோன் கார்கானோ என்ற சட்ட மாணவர், திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளின் உரிமை பற்றி ஆய்வேடு சமர்ப்பித்தபோது, மறைமாவட்டத்தின் பொறுப்பிலிருந்த குரு அதனைக் கண்டித்துத் திருமடல் விடுத்தார். (அதே கார்கானோ பிற்காலத்தில் மாகாண ஆளுநராகவும் விளங்கினார் என்பது வேறு கதை.)

அடுத்த ஆண்டு, 1885இல், ஆர்ஜென்டீனப் பல்கலைக்கழகங்களுக்கென ஒரு சட்டம் நிறைவேறிற்று. முன்னாள் சனாதிபதி நிக்கொலாஸ் அவெல்லனேடா அதனை ஆக்கியவர். நான்கே பிரிவுகள் கொண்ட சிறு சட்டம். அதன் நிழலோ நெடுங்காலம் நீண்டது. ஒவ்வொரு பீடத்தையும் பதினைந்து பேருக்கு மேற்படாத ஒரு குழு நடத்தவேண்டும். படிப்புத் திட்டங்களை வகுப்பதும், பேராசிரியர்கள் முன்வைக்கும் பாட ஒழுங்குகளை ஏற்பதும் திருத்துவதும் அக்குழுவின் அதிகாரம். வெற்றிடமான பேராசிரியர் பதவிக்கு மூவரின் பெயரை முன்மொழிவதும் அக்குழுவே. அப்பெயர்கள் பல்கலைக்கழக உயர்சபையின் வழியாகச் சனாதிபதியிடம் செல்லும், அவர் ஒருவரை நியமிப்பார். இனிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இக்குழுவில் மூன்றிலொரு பங்கினராவது கற்பிப்போராய் இருத்தல் வேண்டும் என்றே சட்டம் கூறிற்று. எஞ்சிய இருபங்கினர் வாழ்நாளில் ஒரு நாளேனும் வகுப்பறையில் நின்றிராதவராகவும் இருக்கலாம்!

கொர்டோபாவிலே இக்குழுக்கள் 'கழகங்கள்' எனப் பெயர் பெற்றன. கழகத்து ஆசனம் வாழ்நாளுக்குரியது. ஓர் ஆசனம் வெறுமையானால் எஞ்சியிருப்போரே அதற்கு ஆள் தெரிந்தனர். இந்த ஏற்பாட்டின் கீழ், தம் பாடத்திலே புதிய தலைப்பொன்றைச் சேர்க்க விரும்பும் இளம் பேராசிரியர் ஒருவர் யாரிடம் செல்லவேண்டும்? தமக்கு அப்பதவியை வாங்கித் தந்தவர்களிடம். தம் மாமனாரிடமும் அவருடைய நண்பரிடமும் என்று கூறினாலும் பல சந்தர்ப்பங்களில் மிகையாகாது. பாடத்திட்டம் மாறாதிருப்பதற்கு வேறு தடையோ சூழ்ச்சியோ தேவைப்படவில்லை.

சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. ஆயினும் துறைமுக நகரான புவெனஸ் அயர்ஸில் நிலைமை வேறாகத் திரும்பிற்று. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் குடியேறியோரின் பிள்ளைகள் அங்கே பல்கலைக்கழக வாயிலைத் தட்டத் தொடங்கினர். 1903ஆம் ஆண்டு முதல் நடந்த மாணவர் வேலைநிறுத்தங்களின் பயனாக, 1906இல் அங்கு வாழ்நாட் கழகங்களிடமிருந்து ஆட்சி பறிக்கப்பட்டு, ஆசிரியர் தெரிவுசெய்யும் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உள்நாட்டு மாகாணமான கொர்டோபாவுக்கு அக்காற்று வந்து சேர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

அது வந்த வழி மிகச் சாதாரணமானது. 1917ஆம் ஆண்டின் இறுதியில், மருத்துவப் பீடத்தினர் போதனா வைத்தியசாலையிலே மாணவர் தங்கிப் பயிலும் முறையை ஒழித்தனர். வசதியற்ற மாணவர்க்கு அஃது உறைவிடமும் பயிற்சியும் ஒருங்கே இழந்தது போலாயிற்று. பொறியியல் மாணவர்க்கோ வகுப்பு வரவு பற்றிய புதிய விதிகள் இடராயின. முறையீடுகள் அலட்சியப்படுத்தப்பட்டன. 1918 மார்ச்சில் வேலைநிறுத்தம் மூண்டது, பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அப்போது சனாதிபதியாயிருந்தவர் இபோலிட்டோ இரிகோயென். ஆண்களுக்கு இரகசிய வாக்குரிமையை உறுதிசெய்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, 1916இல் மத்தியதர வர்க்கத்தின் ஆதரவோடு பதவிக்கு வந்தவர். பழைய நிலப்பிரபுக் கும்பலின் கோட்டை ஒன்று ஆட்டங்காண்பது அவருக்கு வேம்பாயிருக்கவில்லை. ஏப்ரிலில் ஹொசே நிக்கொலாஸ் மாத்தியென்சோ என்ற சட்ட அறிஞரை அரசின் ஆணையாளராக அனுப்பினார். மாத்தியென்சோ வாழ்நாள் ஆசனங்களை வெற்றிடமாக்கி, ஆசிரியர்களே சபைகளைத் தெரிவுசெய்யும் புதிய விதிகளை வகுத்தார். தாம் வென்றுவிட்டதாகவே மாணவர் எண்ணினர்.

யூன் 15ஆம் நாள் புதிய அதிபரைத் தெரிவுசெய்யப் பேராசிரியர்கள் கூடினர். மாணவர் விரும்பியவர் என்ரிக்கே மார்த்தினெஸ் பாஸ். வென்றவரோ அந்தோனியோ நோரெஸ். 'கோர்டா ஃபிராத்ரெஸ்' என்னும் கத்தோலிக்கப் பிரமுகர் வட்டத்தைச் சேர்ந்தவர். வாக்களித்தோரிற் பலர் பழைய கழகங்களால் பேராசிரியராக்கப்பட்டவர்கள். விதி புதிது, வாக்காளர் பழையவர்! முடிவு வெளியானதும் மாணவர் மண்டபத்துட் புகுந்து கூட்டத்தைக் குலைத்தனர். மீண்டும் வேலைநிறுத்தம் அறிவித்தனர். நகரத்துத் தொழிலாளர் சங்கங்கள் அவர்களுக்குத் தோள்கொடுத்தன. யூன் 21இல் வெளியான புகழ்பெற்ற அறிக்கை இந்த ஏமாற்றத்திலேயே பிறந்தது. தென் அமெரிக்காவின் சுதந்திர மனிதரை விளித்து எழுதப்பட்ட அதனை வரைந்தவர் டியோடோரோ ரோக்கா என்ற இளம் வழக்கறிஞர். கையொப்பமிட்டோர் வரிசையில் அவர் பெயர் இல்லை. ஆசிரியர் மட்டும் தெரிவுசெய்யும் சபை போதாது, பல்கலைக்கழக ஆட்சியில் மாணவர்க்கும் பங்கு வேண்டும் என்பது அதன் உயிர்நாடி.

ஆகஸ்டில் நோரெஸ் விலகினார். அரசின் புதிய ஆணையாளர் வருவதாகக் கூறி வராதிருக்கவே, செப்ரெம்பர் 9ஆம் நாள் மாணவர் பல்கலைக்கழகத்தைத் தம் வசமாக்கினர். என்ரிக்கே பாரோஸ் மருத்துவத்துக்கும், ஓராசியோ வால்தேஸ் சட்டத்துக்கும், இஸ்மாயேல் போர்தாபெஹெரே பொறியியலுக்கும் பீடாதிபதிகளாயினர். இந்த மாணவப் பீடாதிபதிகள் ஆசிரியர்களை நியமித்தனர். தேர்வுக் குழுக்களை அமைத்துத் தேர்வும் நடத்தினர். கலகக்காரர் என்று பத்திரிகைகள் தூற்றியவர்கள், கைக்கு வந்த அதிகாரத்தைக் கொண்டு முதலிற் செய்தது மூடிக்கிடந்த பல்கலைக்கழகத்தை இயக்கியதே. இராணுவம் வந்து எண்பத்து மூவரைக் கைதுசெய்தது. எனினும் அரசு விழித்துக்கொண்டது. கல்வி அமைச்சர் ஹொசே சலினாஸ் தாமே கொர்டோபா வந்து விதிகளை மீண்டும் திருத்தினார். நிரந்தரப் பேராசிரியர், துணைப் பேராசிரியர், மாணவர் ஆகிய முத்திறத்தாரும் சம எண்ணிக்கையில் கூடிப் பீடச் சபையைத் தெரிவுசெய்யும் முறை பிறந்தது. ஒரே பாடத்தை வேறோர் ஆசிரியரும் சமாந்தரமாகக் கற்பிக்கலாம் என்ற விதியும் வந்தது. பாட ஒழுங்கின் ஏகபோகத்தை உடைத்ததில் இவ்விரண்டாவது விதிக்குரிய பங்கினைப் பலர் மறந்துவிடுகின்றனர். தோற்றவர்கள் வாளாவிருக்கவில்லை: அவ்வாண்டு ஒக்ரோபரில் பாரோஸ் கொடூரமாகத் தாக்கப்பட்டுப் படுகாயமுற்றார்.

இவ்வெற்றியை மிகைப்படுத்துவதும் தவறு. மாணவரின் கோரிக்கைக்கு இணங்கிய அதே இரிகோயெனின் ஆட்சியிலேதான், 1919 சனவரியில் புவெனஸ் அயர்ஸ் வீதிகளில் வேலைநிறுத்தத் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மத்தியதர வர்க்கத்துப் பிள்ளைகளுக்குச் சபையில் ஆசனம்; உலோகத் தொழிலாளிக்குத் துப்பாக்கிக் குண்டு. பெரு நாட்டு மார்க்சியர் ஹொசே கார்லோஸ் மரியாத்தெகி, 1928இல் வெளியிட்ட தமது ஏழு கட்டுரைகள் நூலில் இவ்வியக்கத்தை விரிவாக ஆராய்ந்தார். தொழிலாளரோடு கொண்ட தொடர்பே மாணவர்க்குத் தெளிவான நோக்கை அளித்தது என்பது அவர் கண்ட முடிவு. பெருவில் 1921லும் கியூபாவில் 1923லும் தொழிலாளர்க்கென மாணவர் தொடங்கிய மக்கள் பல்கலைக்கழகங்கள் அவர் கூற்றுக்குச் சான்று. அங்கே என்ன கற்பிப்பது என்ற கேள்வியை மூடிய அறைக்குள் எழுப்ப முடியாது. கேட்போர் வேலைமுடிந்து நேரே வந்து முன்னால் அமர்ந்திருந்தனர்.

1966 யூன் மாத இறுதியில் படைத் தளபதி ஒங்கானியா ஆர்ஜென்டீனாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். ஒரு மாதம் கழித்து, யூலை 29இல், பல்கலைக்கழகங்களின் தன்னாட்சியை ஒழிக்கும் ஆணை வந்தது. அதிபர்களும் பீடாதிபதிகளும் கல்வி அமைச்சின் நிருவாகிகளாக மாறவேண்டும், சபைகள் இல்லை. அன்றிரவு புவெனஸ் அயர்ஸ் விஞ்ஞானப் பீடத்துட் புகுந்த பொலிசார், ஆசிரியரையும் மாணவரையும் இரு வரிசைகளுக்கிடையே நடத்தித் தடியால் அடித்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் பதவி துறந்தனர். பலர் நாட்டையே துறந்தனர். கொர்டோபாவில் மாணவர் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். செப்ரெம்பரில் அந்நகர வீதியிலே பொலிசாரின் துப்பாக்கிக்குச் சந்தியாகோ பம்பிலியோன் பலியானார். அவர் பொறியியல் மாணவர்; மோட்டார் வாகனத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளியுங்கூட. மூன்று ஆண்டுகளின் பின், 1969 மே 29ஆம் நாள், அதே நகரின் மோட்டார்த் தொழிலாளரும் மின்சாரத் தொழிலாளரும் வேலையை விட்டு நகர மையம் நோக்கி நடந்தபோது, மாணவரும் அவர்களோடு கலந்து நடந்தனர்.