கண்ணாடியிழைப் படகின் மேற்பூச்சுப் பராமரிப்பு

கண்ணாடியிழைப் படகின் மேற்பூச்சுப் பராமரிப்பு என்பது வெயிலாலும் உப்புநீராலும் மங்கிய படகின் வெளிப்பரப்பைச் சீர்செய்து, அது மேலும் தேயாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். இவ்வகைப் படகுகள் மீனவர் வழக்கில் பைபர் படகுகள் எனப்படுகின்றன. சென்னையில் அடையாறு ஆற்றின் கழிமுகத்தை அடுத்துள்ள ஊரூர் குப்பம், ஓல்காட் குப்பம் ஆகிய மீனவ ஊர்களில் படகுகள் திறந்த மணற்பரப்பிலேயே நிறுத்தப்படுவதால், இப்பராமரிப்பு அங்கு முக்கியத்துவம் பெறுகிறது.

வரலாறு

இக்கரையில் நெடுங்காலம் பயன்பட்ட கட்டுமரத்திற்கு மேற்பூச்சு தேவைப்படவில்லை. கரை சேர்ந்ததும் மரங்களை அவிழ்த்து உலர்த்துவர். 1979இல் தொடங்கப்பட்டு, சென்னையிலிருந்து இயங்கிய ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் கரையில் ஏறி இறங்கக்கூடிய கண்ணாடியிழைப் படகுகளை உருவாக்குவதில் ஈடுபட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் பல கட்டுமரங்கள் அழிந்தன. அதன் பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் நிவாரணமாகப் பெருமளவில் வழங்கப்பட்டன.

மேற்பூச்சின் அமைப்பு

படகின் உடல் கண்ணாடியிழைப் பாயும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்த கலப்புப் பொருளால் ஆனது. அதன் வெளிப்புறத்தில் உள்ள நிறமேற்றிய பிசின் அடுக்கு ஜெல் கோட் எனப்படுகிறது. இது முடிந்த படகின் மேல் பூசப்படும் வண்ணம் அன்று. அச்சில் முதலில் பூசப்படுவது இதுவே. இழைகளும் பிசினும் அதன் பிறகே இடப்படுகின்றன. இதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே. உள்ளிருக்கும் இழைகளை நீரிலிருந்து காப்பது இவ்வடுக்கே ஆகும்.

மங்குவதற்கான காரணங்கள்

சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் பிசினின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை உடைக்கின்றன. பிடிப்பை இழந்த நிறமித் துகள்கள் வெண்பொடியாக மேலே படிகின்றன. விரலால் தேய்த்தால் பொடி ஒட்டுவது இதன் அடையாளமாகும். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் அமைந்திருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. சிவப்பு, நீலம் போன்ற அடர் நிறங்களில் மங்கல் விரைவில் தெரியும். வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது. கரையில் இழுக்கும்போது மணல் உரசுவதால் படகின் அடிப்பகுதி தனியே தேய்கிறது.

சீரமைக்கும் முறை

1. நன்னீராலும் மென்மையான சோப்பு நீராலும் கழுவி, உப்பையும் மணலையும் நீக்கி உலர விடவேண்டும். மணல் எஞ்சியிருந்தால் தேய்க்கும்போது கீறல் விழும்.
2. லேசான மங்கலுக்குத் தேய்ப்புப் பசை மட்டும் போதும்.
3. மங்கல் ஆழமாயிருந்தால் 800 அல்லது 1000 எண் நீர் உப்புத்தாளில் தொடங்கி, 1500, 2000 என மென்மையான தாள்களுக்கு மாறித் தண்ணீர் விட்டுத் தேய்க்கவேண்டும்.
4. பின்னர் தேய்ப்புப் பசையாலும் மெருகுப் பசையாலும் பளபளப்பாக்கி, மெழுகு பூசவேண்டும்.

ஒவ்வொரு தேய்ப்பும் அரை மில்லிமீட்டர் அடுக்கில் ஒரு பகுதியை நீக்குகிறது. நீங்கிய அடுக்கு தானாக மீளாது. இழையின் நெசவு மேலே தெரியத் தொடங்கினால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, புதிய ஜெல் கோட்டோ கடற்பயன்பாட்டு வண்ணப்பூச்சோ இடவேண்டும். காற்றுப் படும் ஜெல் கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால், இறுதிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலக்கப்படுகிறது. படகின் பக்கத்தில் எழுதப்பட்டுள்ள பதிவு எண் அழிந்தால் அதை மீண்டும் எழுதவேண்டும்.

எச்சரிக்கை

ஜெல் கோட்டை இறுகச் செய்யும் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு கண்ணில் பட்டால் பார்வை பறிபோகலாம். அதைக் கோபால்ட் முடுக்கியுடன் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். ஒன்றைப் பிசினில் நன்கு கலந்த பின்னரே மற்றதைச் சேர்க்கவேண்டும். காற்றோட்டமான இடம், கண்ணாடி, கையுறை, முகமூடி ஆகியவை தேவை. கழிமுகத்தை ஒட்டிய கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுவதால், தேய்ப்புத் தூளையும் கழிவுப் பிசினையும் மணலிலோ நீரிலோ விடாமல் சேகரித்து அகற்றுவது நல்லது.

பாதுகாக்கும் முறை

நிழலே முதன்மையான பாதுகாப்பாகும். 1867இல் தொடங்கப்பட்ட, அடையாற்றில் துடுப்புப் படகு செலுத்தும் மெட்ராஸ் படகுக் கழகம் போன்ற கழகங்களில் படகுகள் கொட்டகைக்குள் வைக்கப்படுகின்றன. மீன்பிடிப் படகுகளுக்கு அவ்வசதி இல்லை. தென்னங்கீற்றுப் பந்தலோ, காற்றோட்டம் விட்டுக் கட்டிய தார்ப்பாயோ போதுமானது. கடலிலிருந்து வந்ததும் நன்னீரால் அலசுவதும், சில மாதங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசுவதும் பயன்தரும். மெழுகு தேய்ந்து போகும் அடுக்காக இருந்து ஜெல் கோட்டைக் காக்கிறது.

வாழ்வாதாரத்தில் தாக்கம்

தமிழகக் கிழக்குக் கரையில் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாட்கள் நடைமுறையில் உள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் சீரமைக்கப்படுகின்றன. அத்தடை நாட்டுப்படகு வகையில் அடங்கும் பைபர் படகுகளுக்குப் பொருந்தாததால், அவற்றைச் சீரமைக்கச் செலவிடும் ஒவ்வொரு நாளும் தொழிலற்ற நாளாகிறது. பூச்சு முற்றிலும் தேய்ந்து நீர் இழைகளை அடைந்தால், மெருகிடுதலில் முடியக்கூடிய வேலை உடற்பகுதியையே பழுதுபார்க்கும் பெருஞ்செலவாக மாறுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* கட்டுமரம்
* அடையாறு ஆறு
* கண்ணாடியிழை
* புற ஊதாக் கதிர்