வில்லும் நடுகல்லும்



தருமபுரி மாவட்டத்திலும், அதனை அடுத்த செங்கம் பகுதியிலும் காணப்படும் நடுகற்கள் நம் வரலாற்றுக்குப் பெருந்துணை புரிவன. ஆநிரையைக் காக்கவும் மீட்கவும் போரிட்டு மாண்ட வீரர்களுக்காக எடுக்கப்பட்ட கற்கள் இவற்றுள் பல. கி.பி. 6, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவற்றில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. மாட்டு மந்தையை அவை 'தொறு' என்று குறிக்கும். செங்கம் வட்டாரத்துக் கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் தனி நூலாகவே வெளியிட்டது.

இக்கற்கள் பலவற்றில் வீரனின் இடக்கையில் வில்லும், வலக்கையில் வாளும் இருக்கும். சிலவற்றில் அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கும். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் இதனை விளக்கும்போதெல்லாம், "ஒரு கையால் அம்பெய்து, மறு கையால் வாள் வீசினான்" என்று கூறி வந்தேன். மாணவரும் அவ்வாறே எழுதிக்கொண்டனர். அது பிழை என்பதை அறுபது வயதைக் கடந்தபின், பாப்பாரப்பட்டியில் கற்றேன்.

சுப்பிரமணிய சிவா 1925-இல் மறைந்த ஊர் அது. அவர் நினைவிடத்தைக் காணச் சென்றிருந்தபோது, அவ்வூரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் தாம் செய்த மூங்கில் வில்லைக் காட்டினார். தரிசு நிலமொன்றில் வைக்கோற் கட்டை இலக்காக நிறுத்தி, "ஐயா, ஒருமுறை எய்து பாருங்கள்" என்றார்.

நாணேற்றவே என்னால் இயலவில்லை. அவரே ஏற்றித் தந்தார். முதல் அம்பு ஐந்தடி தள்ளி விழுந்தது. அடுத்த முறை நாண் என் இட முன்கையில் அறைந்து தோலைச் சிவக்கச் செய்தது. "கையால் மட்டும் இழுக்காதீர்கள், ஐயா; தோளும் முதுகும் சேர்ந்து இழுக்க வேண்டும்" என்றார் அவர். அன்று அவர் ஆசிரியர், நான் மாணவன். பத்தாவது அம்புதான் வைக்கோலைத் தொட்டது.

நாணை இழுக்கையில் வளையும் மூங்கிலில் நம் ஆற்றல் சேர்கிறது. நாணை விட்டவுடன் அது அம்புக்குச் செல்கிறது. அம்பின் வாலிலுள்ள இறகு அதன் போக்கை நேராக்குகிறது. தத்துவம் எளிது. ஆனால், ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இழுத்து, நடுக்கமின்றி விடுவதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு, விடுமுறை நாட்களில் ஆடவர் வில் பழக வேண்டுமென 1363-இல் ஆணையிட்டார். பயிற்சியின்றி வில்லாளி உருவாகான் என்பதை அவர் அறிந்திருந்தார். நம் வீரனும் அவ்வாறு நாள்தோறும் பழகியவனாகவே இருந்திருத்தல் வேண்டும்.

வேறோர் உண்மையும் விளங்கிற்று. அம்பெய்ய இரு கைகளும் முழுமையாக வேண்டும். வாளேந்திய கையால் நாணை இழுத்தல் அரிது. எனவே, அக்கற்களில் நாம் காண்பது எய்யும் காட்சி அன்று. அம்புகள் தீர்ந்து, பகைவர் நெருங்கிவிட்ட இறுதி வேளையாக அது இருக்கலாம். அன்றி, அவன் பழகிய இரு படைக்கலங்களையும் சிற்பி ஒருங்கே காட்டியிருக்கலாம். எதுவாயினும், வில்லை அவன் கைவிட்டதாகச் சிற்பி காட்டவில்லை.

நண்பர்களே, நடுகல்லைக் காணும்போது அவன் வீரத்தோடு அவனது பயிற்சியையும் நினையுங்கள். என்னிடம் பயின்று அந்தப் பிழையான வாக்கியத்தை எழுதிக்கொண்டவர் எவரேனும் இதனைக் கேட்க நேர்ந்தால், அன்புகூர்ந்து அதனைத் திருத்திக்கொள்வாராக.